கல்லூட்டம்மா யார் வூட்டு சாமி

அன்பு மவ தேவயானிக்கு, புதூர்நாட்டு மலைமேல இருந்து அம்மா எழுதறது. அப்பா, உன் தம்பி மோகன், நானு, மாடுங்க, போன மாசம் பொறந்த செவலைக் கன்னு எல்லாரும் நல்லா இருக்கோம். நீயும் அந்த ஐதராபாத்து ஆஸ்பத்திரியில நேரத்துக்குத் தின்னு, நேரத்துக்குத் தூங்கி, நோயாளிங்க நோவெல்லாம் உன் மேல ஒட்டாம இருக்கணும்னு தெனம் வெளக்கேத்தும்போது கேட்டுக்கறேன். போன் இருக்கறப்போ இன்னாத்துக்கு லெட்டருன்னு நீ சிரிப்பே. போன்ல நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள டூட்டிக்கு நேரமாச்சும்மான்னு வெச்சிடறே. இதுல நீ குறுக்க பேச முடியாது பாரு. தீபாவளியன்னைக்குப் பேசறப்போ, இந்தத் தைக்கும் நான் வரமாட்டேம்மா, புருசனை வுட்டுட்டு வந்தவ ஊருக்குள்ள வந்தா உனக்குத்தான் தலைகுனிவுன்னு சொன்னியே, அதுக்கு அன்னைக்கு எங்கிட்ட சரியான பதில் இல்ல. இன்னைக்கு இருக்குது. அது கடைசியில வரும். எடுத்தவுடனே கடைசிப் பக்கத்துக்கு ஓடாத, மொதல்லருந்து ஒழுங்கா படி.

நம்ம ஓடையில தண்ணிக்கல்லு இருக்குதே, நீ சின்னப் புள்ளையில ஓணான் புடிக்கப் போவியே அந்தக் கல்லுக் கட்டடம், கீழ தண்ணி தள்ளிச் சுத்தற மரச்சக்கரம் மக்கிப்போய் மேல ரெண்டு அரைக்கிற கல்லு மட்டும் கிடக்குமே, அதைத் திரும்ப ஓட்டப் போறோம். எங்க மகளிர் குழுதான் எடுத்துப் பண்ணுது. இப்போ சாமையை உமியோட மூட்டை கட்டி ஜீப்புல ஏத்தி கீழ அனுப்பறோம், வாங்கற யாவாரி சொன்னதுதான் வெலை. இங்கயே அரைச்சி அரிசியாக்கிட்டா நம்ம சாமையை நாமளே விக்கலாம். சிறுதானிய சங்கத்துக்காரங்க வந்து பாத்துட்டு, இரும்புல புதுச் சக்கரம் போட்டு அதுலயே உமி நீக்கற மிசினும் மாட்டித் தர்றோம், ஆனா கல்லுக்கு யாரு சொந்தக்காரங்களோ அவங்க கையெழுத்து வேணும்னு சொல்லிட்டுப் போனாங்க. அங்கதான் வந்துச்சி வினை. நான் தெகிரியமா எங்க வூட்டுக்காரரு தாத்தாவுதுன்னு சொல்லிட்டேன். மறுநாளே மேலூட்டு வேடியப்பன் துண்டை ஒதறித் தோள்ல போட்டுக்கினு வந்து, அது எங்க தாத்தாவுது, எவன் கை வெக்கறான்னு பாக்கறேன்னு கத்திட்டுப் போனாரு. உங்கப்பாதான் தெரியுமே, மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்ட்டாரு. அப்பறம் யாரு ஓடறது? ரத்தினம்மாதான் ஓடணும்.

மொதல்ல தாலுக்கா ஆபீசுக்குப் போனேன். பொறுமையாத்தான் தேடிப் பாத்தாங்க, நெலம் வேடியப்பன் அப்பா பேர்ல இருக்குது, கல்லைப் பத்தி எதுலயும் இல்லம்மான்னுட்டாங்க. வேடியப்பனுக்கு ஒரே கொண்டாட்டம். நான் வுடுவனா? நம்ம கொல்லையில நிக்கிற பெரிய புளியமரம் யாருது, உன்னுது, வருசா வருசம் வந்து உலுக்கிக்கினு போறே, உங்க மேட்டுல நிக்கிற ரெண்டு பலா யாருது, எங்களுது, இந்த மலையில நெலம் ஒருத்தருது மேல நிக்கிறது ஒருத்தருதுன்னு எத்தினி இருக்குது, கல்லு மட்டும் இன்னா அதிசயமான்னு கேட்டேன். அந்தாளு துண்டை எடுத்துக்கினு கெளம்பிட்டாரு. ஆனா எங்கிட்டயும் அத்தாட்சி ஒண்ணும் இல்ல, அதுதான் உண்மை. எங்க தாத்தா எங்க தாத்தான்னு ரெண்டு வூட்டுலயும் சொல்றாங்களே தவிர, அந்தத் தாத்தாவுக்கு எப்படி வந்துச்சின்னு கேட்டா ரெண்டு பக்கமும் ஒரே மௌனம். அந்த மௌனத்துலதான் எனக்குச் சந்தேகம் வந்துச்சி.

கல்லுக் கட்டடத்து வாசல்ல மஞ்ச பூசின குத்துக்கல்லு ஒண்ணு இருக்குதே, கல்லூட்டம்மா, ஆடியில நாம வெள்ளிக்கிழமை படைப்போம், மேலூட்டுக்காரங்க ஞாயித்துக்கிழமை படைப்பாங்க. நான் கல்யாணமாகி வந்த நாள்லருந்து இன்னா நெனச்சிட்டிருந்தேன்னா, கல்லு எங்களுதுன்னு காட்டிக்கத்தான் வேணும்னே வந்து படைக்கிறாங்க, வம்புக்குப் பண்றாங்கன்னு. அவங்களும் நம்மளைப் பத்தி அதையேதான் நெனச்சிருக்காங்க. இந்த ஆடியில ஞாயித்துக்கிழமை கழிச்சி மாடு ஓட்டிக்கினு அந்தப் பக்கம் போனேனா, அவங்க படைச்ச எலை இன்னும் அங்கயே கிடக்குது. பாத்தா நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு, சாமைச்சோறு, ஓரத்துல ஒரு துண்டு புகையிலை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. நாமளும் அதேதானே படைக்கிறோம்! எந்த ஊரு அம்மன் புகையிலை கேக்குது சொல்லு? அது அம்மன் இல்லடி. வாழ்ந்து செத்த ஒரு பொம்பளை. அவளுக்கு உசுரோட இருக்கும்போது எது புடிக்குமோ அதை வெக்கிறது, பூவாடைக்காரி கும்புடறதுன்னு சொல்லுவோமே, அது. பூவாடைக்காரியை அவங்கவங்க வூட்டுக்காரங்கதான் கும்புடுவாங்க, அடுத்த வூட்டு செத்தவளுக்கு எவன் கருவாட்டுக் கொழம்பு வெச்சித் தர்றான்? ஒருத்திக்கே ரெண்டு வூடும் படைக்குதுன்னா ரெண்டு வூடும் அவ வயித்துலருந்து வந்திருக்கணும். மாட்டை அப்படியே வுட்டுட்டு நேரா மேலூட்டு வாசல்ல போய் நின்னுட்டேன், அது பாட்டுக்கு முனியம்மா வூட்டு அவரையை மேஞ்சிட்டு வந்துச்சி, அதுக்கு அவகிட்ட வாங்கிக் கட்டிக்கினது தனிக் கதை.

வேடியப்பன் பொண்டாட்டி பாஞ்சாலை என்னைப் பாத்ததும் மொதல்ல கதவைச் சாத்தப் பாத்தா. நான் கருவாட்டுக் கொழம்பைப் பத்திக் கேக்கத்தான் வந்தேன்னு சொன்னதும் அவளுக்குச் சிரிப்பு வந்துடுச்சி. ரெண்டு பேரும் ஒக்காந்து ஒண்ணொண்ணா ஒத்துப் பாத்தோம். கொழம்பு ஒண்ணு, புகையிலை ஒண்ணு. சாமிக்குச் சாத்தற பொடவையை ஜமுனாமரத்தூரு சந்தையிலதான் எடுக்கணும், வேற எங்கயும் எடுக்கக்கூடாதுன்னு எங்க மாமியா சொல்லி வெச்சது, அவ மாமியாளும் அதையேதான் சொல்லி வெச்சிருக்குது. பொடவை எப்பவும் பொறந்த வூட்டு சீராத்தானே வரும், அப்போ அவ பொறந்தது அந்தப் பக்கம்தான். காட்டு வேலையில நாள் ஓடிப்போச்சி, தீபாவளி கழிச்சித்தான் வேடியப்பனுக்கு விசயத்தைச் சொல்லாம நாங்க ரெண்டு பேரும் சந்தைக்குப் போறோம்னு பஸ் ஏறுனோம். வருசக்கணக்கா மூஞ்சியத் திருப்பிக்கினு போனவங்க ஒரே சீட்டுல ஒக்காந்து வேர்க்கடலை தின்னுக்கினு போறதை டிரைவர் திரும்பித் திரும்பிப் பாத்தாரு.

சந்தையில சாமை விக்கிறவங்களை எல்லாம் கேட்டோம், புதூர்நாட்டுத் தண்ணிக்கல்லு வூட்டுக்கு அந்தக் காலத்துல பொண்ணு குடுத்தது எந்த வூடுன்னு. நாலஞ்சி பேரு உதட்டைப் பிதுக்குனாங்க. அப்பறம் ஒரு பொம்பளை, அட அது எங்க ஊரு உண்ணாமலை கதையாச்சேன்னு சொல்லி பக்கத்து ஊருக்குக் கூட்டிக்கினு போய் பஞ்சாட்சரம்ன்றவரு வூட்டுல வுட்டுது. உண்ணாமலையோட அண்ணன் பேரன் அவரு. கல்லுன்னு வாயெடுத்ததுமே, எங்க உண்ணாமலை கல்லா, அது எங்க வூட்டுக்குப் பரியமா வந்ததும்மான்னு சொல்லி ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாரு. நம்ம ஊருல ரெண்டு வூடும் மூடி மூடி வெச்ச சங்கதியை அந்த ஊருல பெருமையா சொல்லிக்கினு இருக்காங்க. கேளு. கல்லைக் கட்டினது வேடியப்பன் வூட்டு முப்பாட்டன்தான். மவனுக்கு உண்ணாமலையைக் கேட்டு வந்தப்போ அந்த வருசம் நோயில மாடெல்லாம் போயிருந்துதாம், பொண்ணு வூட்டுக்குப் பரியமா குடுக்க ஒண்ணும் இல்ல. அந்தக் கல்லைக் குடு, பொண்ணைக் கூட்டிக்கினு போன்னு உண்ணாமலை அப்பன் கேட்டு வாங்கி, அதை மவளுக்கே வுட்டுட்டாரு. ஒரு ஆம்பளைப் புள்ளை பொறந்துச்சி. புருசன் கை ஓங்கறவன். ஒருநாள் சரிதான் போடான்னு எழுந்து, பொறந்த வூட்டுக்குப் போவாம நேரா கல்லுக்குப் போய் அங்கயே அடுப்பு மூட்டி, ஊருக்கெல்லாம் அரைச்சிக் குடுத்து வாழ்ந்திருக்குறா. அப்பறம் உங்கப்பாவோட தாத்தாவைப் பெத்தவரு கட்டிக்கிறேன்னு வந்தாரு. வுட்டுட்டு வந்தவளைக் கட்டறவன் மொதப் புருசனுக்குப் பரியத்தைத் திருப்பிக் குடுக்கணும்ல, கல்லுக்குப் பதிலா அவரு காளைமாட்டை ஓட்டிக்கினு போய் ஊரு முன்னால குடுத்தாராம். பரியம் தீந்துபோச்சி, கல்லு அவளுதே. ரெண்டாவது ஒரு புள்ளை. மூத்தவன் வேடியப்பன் தாத்தா, எளையவன் உங்கப்பா தாத்தா. அம்மா இருந்த வரைக்கும் ரெண்டு புள்ளைங்களும் சேந்துதான் கல்லு ஓட்டியிருக்காங்க.

திரும்பி வர்ற பஸ்ல பாஞ்சாலை அழுதா. எனக்கும் கண்ணு கலங்கிடுச்சி, ஆனா எனக்கு அழுகையை வுடக் கோவம்தான் ஜாஸ்தி. நம்ம மலையில ஒத்துவராதவனை வுட்டுட்டு வர்றது எப்பவும் இருந்ததுதான், ஊரு கூடி கணக்குத் தீத்துட்டு அடுத்த வேலையைப் பாத்தாங்க. கீழ்நாட்டுச் சம்பந்தம் வர ஆரம்பிச்சதும் இதெல்லாம் கேவலம்னு நாமளும் கத்துக்கிட்டோம். அங்கதான் அவ பேரை ரெண்டு வூடும் முழுங்கிடுச்சி. அவளை சாமியாக்கிப் படைச்சாங்க, அவ கதையைப் புள்ளைங்களுக்குச் சொல்லல. கதை போனதும் கல்லு எங்க தாத்தாவுது உங்க தாத்தாவுதுன்னு சண்டை. உன்னையும் மலைக்குக் கீழ கலசப்பாக்கத்துப் பக்கம் அந்த விஜயராஜுக்கு நகை போட்டுக் குடுத்தோம், அவன் கை ஓங்கின அன்னைக்கே நீ எழுந்து வந்துட்டே. நீ வாசல்ல வந்து நின்னப்போ நான் கேட்டது சாப்பிட்டியான்னுதான், வேற ஒரு வார்த்தை கேட்டனா? இன்னைக்கும் அதேதான்டி. நீ செஞ்சதுல எனக்கு ஒரு கொறையும் இல்ல.

போன வெள்ளிக்கிழமை ஊர்க்கூட்டம். நான் எழுந்து நின்னு எல்லாத்தையும் சொன்னேன், ஒண்ணையும் மறைக்கல. வேடியப்பன் மொதல்ல குதிச்சாரு, எங்க வூட்டுப் பொம்பளையை இழுக்காதன்னாரு. பாஞ்சாலை பொம்பளைங்க பக்கத்துலருந்து எழுந்து, அந்தப் பொம்பளைக்கு இத்தினி வருசம் கருவாட்டுக் கொழம்பு வெச்சது நாந்தான், பேசாம ஒக்காருன்னா. கூட்டமே சிரிச்சிடுச்சி. அப்பறம் அந்தாளு உங்கப்பாவைப் பேர் சொல்லிக் கூப்ட்டு, ஒரே வயிறாடா சேட்டுன்னாரு. அவ்ளோதான், ரெண்டு பேரும் சேந்து கையெழுத்து போட்டுட்டாங்க. கல்லு ரெண்டு வூட்டுக்கும் பொது, ஓட்டறது எங்க குழு. உங்கப்பா வூட்டுக்கு வந்து வழக்கத்துக்கு மேல ஒரு உருண்டை களி சாப்பிட்டாரு, அவரு சந்தோசம் அதுலதான் தெரியும்.

இப்போதான் உன் பதில் வருது. தை பொறந்ததும் கல்லைப் புதுசா கொத்தி ஓட்டணும். மொதப் படி சாமையைக் கல்லுல போடறது கல்லுக்குச் சொந்தக்காரங்க வழியில பொறந்த பொண்ணா இருக்கணும், வந்த மருமவளுங்க போடக்கூடாது, அது உனக்கே தெரியும். அப்போ நானும் இல்ல, பாஞ்சாலையும் இல்ல. வேடியப்பனுக்கு மூணும் ஆம்பளைப் புள்ளைங்க, பேரனுங்களும் அப்படியே. ரெண்டு வூட்டுலயும் சேத்து உண்ணாமலை வழியில பொறந்த பொண்ணு நீ ஒருத்திதான். கூட்டத்துல நான் உன் பேரைச் சொன்னதும் முனியம்மா, வாழாத பொண்ணு கையால ஆரம்பிச்சா நல்லா இருக்குமான்னு இழுத்தா. நான் வாயைத் தொறந்தேன், சத்தியமா அவரைச் செடி கோவத்தையும் சேத்துக் குடுத்திருப்பேன், ஆனா எனக்கு முன்னால வேடியப்பன் எழுந்துட்டாரு. நாம சூடம் காட்டிக் கும்புடற உண்ணாமலை மட்டும் இன்னா மொதப் புருசன் வூட்டுல வாழ்ந்து செத்தவளா, கல்லே வுட்டுட்டு வந்தவளுதுதான், அதுல படி போட அந்தப் பொண்ணுக்கு மேல வேற எவளுக்கு உரிமை, தேவயானியை வரச்சொல்லுன்னாரு. முனியம்மாகூட சரின்னுட்டா. இனிமே அவரு உனக்குப் பெரியப்பா, போன்ல பேசுனா அப்படித்தான் கூப்புடணும்.

மோகன் திருப்பத்தூருக்குப் போறான், அவன்கிட்ட இந்த லெட்டரோட சாமையும் புளியும் பார்சல் போட்டு அனுப்பறேன். ஒரு பாட்டில் கொம்புத்தேன் இருக்குது, அது பெரியப்பன் குடுத்தது, ஒருத்திக்கும் குடுக்காம ஒளிச்சி வெச்சித் தின்னுடாத, கூட இருக்கற பொண்ணுங்களுக்கும் குடு. தலைக்கு எண்ணெய் வெக்காம டூட்டிக்குப் போவாத. உண்ணாமலை உனக்குத் தொணையா இருப்பா, நீ தொட்டதெல்லாம் வெளங்கும், நல்லா இரு.

லீவுக்கு இன்னைக்கே எழுதிக் குடுத்துடு. கூட்டத்துல எல்லாரும் ஒத்துக்கிட்டு முடிவு பண்ணியாச்சி, நீ வந்து மொதப் படி போடற வரைக்கும் ஓடையில தண்ணி ஓடட்டும், சக்கரத்துக்குத் திருப்ப மாட்டோம்.

உன் வரவைப் பாத்துக்கினு இருக்கும்
அம்மா ரத்தினம்மாள்