வேண்டாம் என்றால் நிற்கும் இயந்திரம்

மார்ச் 4, செவ்வாய்
தூக்கி இன்று வீட்டுக்கு வந்தது. பக்கவாதம் வந்தவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் ரோபோ. பட்டறையில் நாங்கள் வைத்த பெயர் அது. இரண்டு வாரம் அப்பாவிடம் சோதனை. அதன் விதிகளில் பாதி நான் எழுதியவை. நான்காவது விதி: மனிதர் வேண்டாம் என்றால் கையை எடுத்துவிட்டு இரண்டடி பின்வாங்க வேண்டும்.

கை நீட்டியது. "வேண்டாம்" என்றார் அப்பா. பின்வாங்கி நின்றது. எத்தனை அழகாக நின்றது! பிறகு வழக்கம்போல நானே தூக்கினேன்.

மார்ச் 6, வியாழன்
வேண்டாம். வேண்டாம். வேண்டாம்.

மார்ச் 8, சனி
எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனியவே கூடாது என்கிறார் மருத்துவர். அப்பா படுத்தே கிடந்தால் முதுகில் புண் வந்துவிடும். முப்பது வருடம் கையைக் காட்டி லாரிகளை நிறுத்திய போக்குவரத்துக் காவலர் அவர், அவருக்குத் தூக்கி எம்மாத்திரம்?

தம்பி போனில் சொன்னான்: "ரூல் எழுதினதே நீதானேக்கா, மாத்திடு." நியாயம்தானே? அவர் நன்மைக்குத்தானே?

மார்ச் 10, திங்கள்
நான்காவது விதியைத் தாளில் திருத்தி எழுதி மேஸ்திரியிடம் நீட்டினேன். மூன்று முறை மறுத்தால், நான்காவது முறை மெதுவாகத் தூக்கிவிடலாம்.

மேஸ்திரி என்று நாங்கள் சொல்வது எங்கள் தலைமைப் பொறியாளரை. அறுபது வயதுப் பெண்மணி. பிடியின் அழுத்தத்துக்கு விதி எழுதியபோது தன் விரலையே உள்ளே கொடுத்து நகம் கறுத்தவர்.

வாதாடவில்லை. "பட்டறை வழக்கம் தெரியும்ல? எழுதினவங்கதான் மொதல்ல படுக்கணும். ஏறு."

பட்டறையிலிருந்த இன்னொரு தூக்கியில் புது விதியை ஏற்றிவிட்டுச் சோதனைக் கட்டிலில் படுத்தேன். மூன்று முறை ஒப்புக்கு வேண்டாம் என்றேன். நான்காவது முறை, என்னவோ, நிஜமாகவே சொன்னேன். தூக்கியது. பூப்போல. எங்கேயும் வலிக்கவில்லை. வலித்திருந்தால் கத்தியாவது இருக்கலாம். அவ்வளவு மென்மையாக, நான் சொன்னது காதிலேயே விழாத மாதிரி —

இறங்கியதும் தண்ணீர் கொடுத்தார். "கையெழுத்துப் போடறியா?"

"இல்ல மேடம்."

"இதுக்கு பலம் குடுக்க ஆறு மாசம் ஆச்சு. நிக்கக் கத்துக்குடுக்க ஆறு வருஷம்."

தாளை நானே கிழித்தேன். இப்படி ஒருவரிடம் வேலை செய்யக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்
காலையில் இடுப்புப் பட்டையைக் கட்டிக்கொண்டு அப்பாவைத் தூக்கக் குனிந்தேன். "வேண்டாம்" என்றார்.

"சும்மா இருங்கப்பா, நேரமாச்சு" —

கை அப்படியே நின்றுவிட்டது. இதை என்னிடமும்தானே தினம் சொல்கிறார்? நான் ஒரு தடவையாவது?

கையை எடுத்தேன். தள்ளி உட்கார்ந்தேன். "சரிப்பா. எப்ப வேணுமோ சொல்லுங்க."

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

பதினொன்றரை வரை கூப்பிடவில்லை. கூப்பிட்டபோதும் என்னையல்ல. மூலையைப் பார்த்து, "ஏய், நீ வா" என்றார்.

மார்ச் 14, வெள்ளி
அதோடு விளையாட்டு. வா என்கிறார், பாதியில் வேண்டாம் என்கிறார். இறக்கிவிட்டுப் பின்வாங்குகிறது. இன்று ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவையும் முதல் தடவை மாதிரியே.

"பாதியில சொன்னாலும் விட்ருதான்னு பார்த்தேன்டி. ஒங்கம்மாவுக்குக்கூட இவ்ளோ பொறுமை கிடையாது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை.

மார்ச் 18, செவ்வாய்
சோதனை முடிந்தது. மேஸ்திரியே படிவத்தோடு வந்தார். "எப்படிங்க இருக்கு?"

"சொன்னா கேக்குது. இருக்கட்டும்" என்றார் அப்பா, ஜன்னலோர நாற்காலியிலிருந்து.

நான்காவது விதிக்கு நேரே எழுதினேன்: மாற்றம் தேவையில்லை.

மாலையில் தேநீரோடு அப்பாவின் அறைக்குப் போனேன். கதவு திறந்துதான் இருந்தது. தட்டினேன்.

"கொஞ்சம் இரு" என்றார்.

நின்றேன்.