இன்னொரு ஆப்பம்

கர்த்தருக்குள் பிரியமான மகளுக்கு,

வடக்கே தீவிரவாதிகள் சுட்டுக் கொன்ற நம் மாப்பிள்ளை ஷெர்வினை அடக்கம் பண்ணிய அன்று, பழிவாங்கப் போர் வேண்டாம் என்று பிரசங்கித்தேன். நீ எழுந்து, "அப்பா, அவியள சுட்டவனுவளுக்கா பரிஞ்சு பேசுதிய?" என்று கேட்டாய். அன்றே தக்கலைக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாய்.

நேற்றுக் காலை, நம் விமானங்கள் எல்லை தாண்டிக் குண்டு போட்டதாக டிவியில் சொன்னார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மகளே. அம்மாவிடம் இன்னொரு ஆப்பம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

செத்தவர்களில் இரண்டு பிள்ளைகளும் உண்டு என்று மத்தியானம் தெரிந்தது.

போர் வேண்டாம் என்றுதான் இன்றும் சொல்வேன். ஆனால் உன் கோபம் எனக்குள்ளும் இருப்பதை இப்போதுதான் கண்டேன். நாளை தக்கலைக்கு வருகிறேன். பிரசங்கம் பண்ண மாட்டேன். உன் பக்கத்தில் சற்று நேரம் உட்கார விடுவாயா?

அப்பா