ஹெட்லைட் போட்டுக் கேட்ட பாட்டு

இன்று காலை மல்லசமுத்திரம் கடைவீதியில் ஒரு புது லாரிக்குப் பூசை. சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்கிய வாசனை சாலைக்கு இந்தப் பக்கம் வரை வந்தது. நடுவீதியில் நின்று சிரித்துவிட்டேன். அறுபதை நெருங்குகிற பொம்பளைக்கு என்ன ஆயிற்று என்று பூக்காரி பார்த்தாள். இதை உன்னைத் தவிர யாரிடம் சொல்ல? நீ கண்ணை மூடி எட்டு மாதமாகிறது.

எண்பதுகளின் தொடக்கம். நாம் ஒன்றாகப் பத்தாவது படித்தோம். உன் அப்பா சொந்த லாரியில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு பம்பாய் போய்வருவார். ஒருமுறை கேபினில் டேப்ரிக்கார்டர் பொருத்தி, பெயர் ஒட்டாத ஒரு கேசட்டும் கொண்டுவந்தார். எங்கள் வீட்டு ரேடியோ செய்திக்கு மட்டும்தான் வாய் திறக்கும். என்னை இழுத்துக்கொண்டு போய் நீ டிரைவர் சீட்டில் ஏறினாய். எனக்குக் கிளீனர் சீட்.

பொத்தானை அமுக்கினாய். அடேயப்பா! பாட்டென்றால் காதுக்கு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இது சீட்டுக்கு அடியிலிருந்து கிளம்பி முதுகில் ஏறியது. மேளமும் இல்லை, தவிலும் இல்லை, ஆனால் அடி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு பெண் மூச்சு விடாமல் பாடினாள்.

"என்ன பாசை புள்ள இது?"

"பாசை எதுக்கு? உன்ற காலப் பாரு."

என் கால் என்னைக் கேட்காமல் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு உன் அப்பா எப்போது திரும்புவார் என்று உன்னைவிட நான்தான் அதிகம் காத்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பாரம் ஏற்றிய லாரி மரவள்ளிக் காட்டைப் பார்த்து நின்றது. மாலையில் புறப்பாடு. உன் அப்பா உள்ளே தூங்கினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தோம். திடீரென்று நீ ஹெட்லைட் சுவிட்சைக் கண்டுபிடித்தாய்! தாளத்துக்குத் தாளம் போட்டு அணைத்தாய். பட்டப்பகலில் மரவள்ளிச் செடிகளுக்கு வெளிச்சம் காட்டினோம், பைத்தியங்கள். கடைசியாகப் போட்டது நான். அணைக்காமல் இறங்கியதும் நான். அதுவோ பழைய பேட்டரி.

மாலையில் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழம் வைத்து, உன் அப்பா ஏறிச் சாவியைத் திருப்பினார். 'டொக்' என்றது, அவ்வளவுதான். பழம் நசுங்காமல் கிடந்தது. அபசகுனம் என்று தெருவே கூடிவிட்டது. என் அப்பாவும் வந்து நின்றார். படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேச ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தவர் அவர்.

"ஆரு வண்டில ஏறுனது?" என்றார் உன் அப்பா, அணைக்காமல் கிடந்த லைட் சுவிட்சைப் பார்த்துவிட்டு.

நான் வாய் திறக்குமுன் நீ முன்னால் போனாய். "நாந்தானுங்ப்பா. நா மட்டுந்தான்." பளாரென்று அறை விழுந்தது.

மறுநாள் நான் அழுதபோது, வீங்கிய கன்னத்தோடு நீ சொன்னாய்: "எங்கூட்டுல ஒரு அறையோட போச்சு. உங்கூட்டுல பள்ளிக்கூடத்தையே நிறுத்திப்போடுவாங்க."

அது நிற்கவில்லை. அந்தப் படிப்புதான் எனக்கு வேலை கொடுத்தது, சொந்தக் காலில் நிற்க வைத்தது.

உன் காரியத்தன்று உன் அப்பாவிடம் ஒருவழியாகச் சொன்னேன். "ஏனுங்ப்பா, அன்னைக்கு லைட்ட அணைக்காம உட்டது நானுங்க."

"தெரியுஞ் சாமி," என்றார். "கிளீனர் சீட்டுல உன்ற கனகாம்பரம் கெடந்துது. அவ எப்பவும் மல்லிதான வெப்பா? உங்கப்பன் பாக்கறதுக்குள்ள எடுத்துப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்."

"அப்பறம் எதுக்குங்க அவள அடிச்சீங்க?"

"உங்கப்பன் நம்போணுமல்ல?"

கேட்டாயா புள்ள! நீ என்னைக் காப்பாற்றியதாக நினைத்தாய். அவரும் உன்னோடு சேர்ந்துதான் காப்பாற்றியிருக்கிறார். இதைக் கேட்டிருந்தால் கன்னத்தைத் தடவிக்கொண்டே விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உன்னிடம் சொல்ல வேண்டிய இந்த ஒரு சேதியை மட்டும் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன்.