நாலாம் நம்பர் ஷெட்டில் உன் கார்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதுகிறேன். எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், வரமாட்டேன் என்கிறது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. ஆனால் இது போனில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. உன் போன் என்றால் உன் அக்கா சமையலறையில் இருந்தபடியே ஸ்பீக்கரில் போடச் சொல்வாள், உனக்குத் தெரியாததா! நம்பர் பிளேட் எழுதிப் பழகிய கை, எழுத்தைப் பெரிதாகவே போட்டிருக்கிறேன். கண்ணை இடுக்காமல் நிதானமாகப் படி.

ஓரப் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, அடுத்த வருஷம் இந்நேரம் ஸ்டீயரிங்கையே தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதை நீ என்னிடம் மட்டும்தான் சொன்னாய். நான் இன்னும் உன் அக்காவிடம் மூச்சு விடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் இவனுக்கு எதற்கு ரெண்டே சீட்டு வைத்த சிவப்புக் கார், ஒரு காய்கறிப் பை வைக்க இடம் இருக்கிறதா என்று தினமும் திட்டுகிறாள். திட்டிவிட்டு, நீ அங்கிருந்து கப்பலில் அனுப்பிய அந்தக் கார் கிடக்கிற துறைமுகத்து ஷெட்டுக்கு வாராவாரம் என்னோடு வந்து, புடவைத் தலைப்பால் அதன் கண்ணாடியைத் துடைத்துவிட்டும் போகிறாள். யாரோ மோதி நொறுக்கிய காரை வாங்கி, ஒன்பது வருஷம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து நீயே தட்டி நிமிர்த்தினாய் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து நம் ஊர் ரோட்டில் ஒரு தடவை ஓட்டிவிட்டுச் சாவியை வைத்துவிட வேண்டும் என்று நீ சொன்னது மட்டும் தெரியாது.

நீ கொடுத்த அதிகாரக் கடிதத்தை எடுத்துக்கொண்டு காரைத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுக்க இந்தப் பதினோரு மாதம் நான் ஏறாத ஆபீஸ் படி இல்லை. கவுண்டரில் தலையைக் காட்டினாலே, சிவப்புக் கார் வந்துட்டார் என்று சிரிக்கும் அளவுக்கு ஆகிவிட்டேன். ஸ்டீயரிங் மாறுபக்கம் என்றார்கள். நீ நிரந்தரமாக ஊர் திரும்புகிறாய் என்று எழுதிக் கொடுத்து அதற்கு விலக்கு வாங்கினேன். லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிறது என்றார்கள், மாற்றினேன். சைலன்சர் சத்தத்தில் முதல் தடவை ஃபெயில், இரண்டாம் தடவை பாஸ். அந்த சர்டிஃபிகேட்டை உன் அக்கா ஏதோ பிள்ளை வாங்கி வந்த மார்க் ஷீட் மாதிரி பீரோவில் வைத்துப் பூட்டினாள். பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. காரின் அடிச்சட்டத்தில் கம்பெனிக்காரன் அடித்த நம்பரும் பேப்பரில் இருக்கிற நம்பரும் ஒன்றுதானா என்று பார்க்கும் சோதனை. அரை நிமிஷ வேலை என்றார்கள்.

மச்சான், இனி எழுதப்போவதைத்தான் மூன்று நாளாக எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சோதனைக்கு முதல்நாள் காரைக் கழுவ அனுமதி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். பானெட்டைத் திறந்தேன். கப்பலில் வந்த உப்புக்காற்றில் நம்பர் அடித்த இடம் துருவேறி, கடைசி இரண்டு எழுத்து சரியாகத் தெரியவில்லை. மூன்றா எட்டா என்று எனக்கே சந்தேகம் வந்தது. முப்பது வருஷமாக நம்பர் எழுதிப் பிழைக்கிறவன் நான். மங்கிப்போன நம்பரைப் பார்த்தால் என் கை சும்மா இருக்குமா? அதிகாரி படிக்க முடியாமல் திருப்பி அனுப்பிவிட்டால் இன்னும் மூன்று மாதம் போகுமே, உனக்கு இருக்கிறதே கொஞ்ச நாள்தானே என்ற பதற்றம் வேறு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். பேப்பரைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்து, பையிலிருந்த நம்பர் அடிக்கிற இரும்பு அச்சையும் சுத்தியலையும் எடுத்து அந்த இரண்டு எழுத்தையும் அதே பள்ளத்தில் ஆழமாக அடித்துவிட்டேன். நல்லா வந்திருந்தது மச்சான், அவ்வளவு நல்லா வந்திருந்தது.

மறுநாள் அதிகாரி லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டு, இது யார் கை வேலை என்று கேட்டார். பாராட்டுகிறார் என்று நினைத்து, என் கைதான் சார் என்று நானே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். முட்டாள்! அவர் லென்ஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். கெட்ட மனுஷர் இல்லை. துருவோடு விட்டிருந்தால் மருந்து போட்டுப் படித்திருப்பேனே பெரியவரே, எதற்குத் தொட்டீர்கள் என்றார்.

வெளியாள் கை பட்ட நம்பர் இருந்தால் அது எந்தக் கார் என்றே சட்டத்துக்குத் தெரியாதாம். திருட்டு வண்டிக்காரன் செய்கிற வேலையும் நான் செய்ததும் அதற்கு ஒன்றுதான். கம்பெனியே கடிதம் கொடுத்தாலும் செல்லாது. திருப்பி அனுப்பலாம் என்றால் கப்பலில் ஏற்றவும் அதே நம்பர்தான் வேண்டுமாம். வக்கீலிடம் ஓடினேன். அப்பீல் போடலாம், தீர்ப்பு வர இரண்டு வருஷமாவது ஆகும், ஜெயிப்போம் என்றும் சொல்ல முடியாது என்றார். இரண்டு வருஷம் கழித்து ஜெயித்து நாம் என்ன செய்ய? போன வியாழக்கிழமை ஆர்டர் வந்துவிட்டது. நாற்பது நாளில் காரை நசுக்கிவிடுவார்கள்.

இந்தக் கையை வெட்டிப் போட்டாலும் தகும். அதிகாரிகள்தான் வேண்டுமென்றே இழுத்தடித்துக் கெடுத்துவிட்டார்கள் என்று உன் அக்கா வீடு அதிரத் திட்டுகிறாள். அதையும் கேட்டுக்கொண்டு கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் போஸ்ட் செய்துவிட்டு வந்ததும் அவளிடம் சொல்லிவிடுவேன். என்ன சொல்வாளோ, கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். உன் கண்ணைப் பற்றி நான் சொல்லமாட்டேன். அதை நீயே அவளிடம் சொல்லு.

நேற்று ஷெட்டுக்குப் போய் அங்கே பொறுப்பில் இருக்கிற அம்மாவைப் பார்த்தேன். நசுக்குகிற மெஷின் அந்தக் காம்பவுண்டின் மறுகோடியில் இருக்கிறது. அதுவரை காரைக் கொண்டுபோய் நிறுத்துவது சொந்தக்காரர் பொறுப்பாம், வராவிட்டால் சங்கிலி போட்டு இழுத்துக்கொள்வார்களாம். சொந்தக்காரரே ஓட்டி வரலாமா என்று கேட்டேன். தாராளமாக வரட்டும், மதிலுக்குள்ளே இருப்பது சட்டப்படி ரோடே இல்லை, இங்கே நம்பரும் வேண்டாம் லைசன்ஸும் வேண்டாம் என்றார். பக்கத்தில் ஒரு ஆள் உட்காரலாமா என்றேன். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்து, உட்காரட்டும் என்றார். வெளியே வரும்போது தூரத்தைக் காலால் அளந்து பார்த்தேன். முந்நூறு அடி இருக்கும்.

என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. வந்த பிறகு என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, நாற்பது நாளுக்குள் வந்துவிடு. டிக்கெட் கிடைத்ததும் சொல், உன் அக்காவை நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். நீ பத்திரமாக வந்து சேர வேண்டும், அவள் முகத்தைக் கண் நிறையப் பார்க்க வேண்டும். முதல் கியரிலேயே ஓட்டு மச்சான். வேகமாகப் போனால் உடனே தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
உன் அத்தான்