கருப்பட்டிப் பொட்டலமும் பட்டு வேட்டியும்

என்னங்க,

சாவி பக்கத்து வீட்டு அருணாசலவடிவு அக்காவிடம் இருக்கிறது. சாளை மீன் குழம்பு அடுப்படியில். பூனை வருவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள்.

என் குவாண்டம் இயக்கவியல் புத்தகத்தைக் கிழித்துக் கடையில் கருப்பட்டி மடித்துக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டால், "ஏளா, பக்கமெல்லாம் பென்சில்ல எழுதி முடிச்சிட்டியே, இனி அது எதுக்கு?" என்று சிரிக்கிறீர்கள். அது எழுதித் தீர்ந்த பள்ளிக்கூட நோட்டு இல்லை. ஓரத்தில் நான் போட்டு வைத்த கணக்குகளை நம்பித்தான் திங்கட்கிழமை எம்.எஸ்சி. பரீட்சைக்குப் போக இருந்தேன். இப்போது ஆறுமுகநேரியில் என்னோடு படிக்கும் ரம்யா வீட்டில் தங்கி, அவள் புத்தகத்தில் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

சாயங்காலம் மந்திரமூர்த்தி அண்ணாச்சி உங்களை விழாவுக்கு அழைத்துப்போகக் காரோடு வருவார். வியாபாரிகள் சங்கச் செயலாளராகப் பதவியேற்க எடுத்து வைத்தீர்களே, கல்யாணப் பட்டு வேட்டி, அதைத் தேட வேண்டாம். வெட்டி, மிச்சமிருக்கும் என் புத்தகங்களுக்கு அட்டை போட்டுவிட்டேன். ஜரிகை எடுப்பாகத் தெரிகிறது.

சந்தனச்செல்வி

பி.கு.: லுங்கி துவைத்துக் கொடியில் கிடக்கிறது. வேட்டியைத்தான் கல்யாணத்தன்றே கட்டி முடித்துவிட்டீர்களே, இனி அது எதுக்கு?