மாமா திரும்பிப் பார்க்காத வழி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. எழுத்து ஏறியும் இறங்கியும் கிடப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே, முதியோர் வகுப்பில் கோடு போட்ட தாளில் எழுதிப் பழகியவன், இந்தத் தாளில் கோடு இல்லை. ஆனாலும் யாரையும் கெஞ்சாமல் நானே எழுதுகிறேன், அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நானும் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். எனக்குத்தான் நாலு நாளாக இரண்டு காலும் விட்டுப்போகிறது, மாடிப்படி ஏற முடியவில்லை. காரணம் உன் மாமா.

அடுத்த வாரம் லீவு போட்டு, அங்கே உன் ஊர்ப் பக்கத்து மலைக்காட்டுக்குத் தனியாகப் போவதாக நீ போனில் சொன்னாய் அல்லவா, அதை அம்மா தன் தம்பியிடம் சொல்லிவிட்டாள். ஆயுள் முழுக்க மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர் சும்மா இருப்பாரா. "சின்னப் பொண்ணே தனியாப் போறா, எனக்கு என்ன கேடு" என்று மறுநாள் காலையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பிவிட்டார். "இந்த மலையில நான் பஸ்ஸைத் திருப்பாத வளைவு இருக்கா அக்கா" என்றாராம். "வளைவெல்லாம் ரோட்டுலதான்டா இருக்கு, காட்டுக்குள்ள ரோடு ஏது" என்று அம்மா கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை. எந்தப் பக்கம் போகிறேன் என்றும் சொல்லவில்லை. பொழுது சாய்ந்தும் ஆள் திரும்பவில்லை.

விடிந்ததும் வனக்காவலரும், மாமாவோடு வேலை பார்த்த கண்டக்டரும், நானும் ஏறினோம். கண்டக்டர் பஸ் விசிலை ஊதிக்கொண்டே வந்தார். மதியத்துக்கு மேல் அந்த விசிலுக்குத்தான் ஒரு வறண்ட ஓடைப் பள்ளத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. கணுக்கால் வீங்கி, உதடு வெடித்து உட்கார்ந்திருந்தார். ரோடு அங்கிருந்து கூப்பிடு தூரம். "போகும்போது பார்த்த மரம் ஒண்ணுகூட வரும்போது இல்ல மச்சான்" என்றார். நடக்கும்போது அடிக்கடி நின்று திரும்பிப் பார்க்க வேண்டுமாம், திரும்பி வரும்போது காடு வேறு முகம் காட்டும் என்றார் காவலர். பஸ்ஸில் இரண்டு பக்கமும் கண்ணாடி, பின்வழி தானாகக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் பழக்கத்தில் மனிதர் ஒரு தடவைகூடக் கழுத்தைத் திருப்பவில்லை. "கண்ணாடியைக் கழட்டித் தோள்ல மாட்டிக்கிட்டுப் போயிருக்கலாமேண்ணே" என்றார் கண்டக்டர். நாங்கள் சிரித்துவிட்டோம். மாமா அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை.

நீ தைரியசாலி, அது எனக்குப் பெருமைதான். மாமாவும் தைரியசாலிதான். ஆனால் அங்கே உனக்காக விசில் ஊதிக்கொண்டு வர யார் இருக்கிறார்கள்? இங்கே என்றால் இந்தக் காலை வைத்துக்கொண்டு நானே ஏறிவிடுவேன். நீ இருக்கும் ஊருக்கு எங்கே வண்டி ஏறுவது என்றுகூட எனக்குத் தெரியாதே அம்மா. போகாதே என்று எழுத மனம் வரவில்லை. இடம் தெரிந்த ஓர் ஆளைக் கூட்டிக்கொண்டு போ, கிடைக்கவில்லை என்றால் தள்ளிப் போடு. மாமா கட்டுப் போட்ட காலோடு படுத்துக்கொண்டு "அவளுக்கு நான் போன்ல வழி சொல்றேன்" என்கிறார், அதை மட்டும் கேட்டுவிடாதே.

கை ஓய்ந்துவிட்டது, கண்ணும் பூக்கிறது. குறை ஒன்றும் இல்லாமல் நெடுங்காலம் நன்றாக இரு. போர்வையை நன்றாக உதறிவிட்டுப் போர்த்திக்கொண்டு தூங்கு. அடுத்த வாரமும் எழுதுவேன், அதை வாங்கிப் படிக்க நீ வீட்டில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா