வந்துட்டேன்டா சாமி

இல்லை, அழிக்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். காலையில் உன் வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

“கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்துட்டேன்டா சாமி.”

நம் ஸ்கூல் வேன் ஆப் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க நீ எழுதிய டெஸ்ட் புரோகிராமில் இருந்தது அது. வேன் கடைசி ஸ்டாப்பைத் தொட்டதும் இந்த வரி திரையில் வரும். எங்கே சிக்குகிறது என்று கண்டுபிடிக்கப் போட்டது. முடிந்ததும் எடுத்துவிடுகிறேன் என்றாய். நாங்களும் எங்கள் வரிகளைப் பற்றி அப்படித்தான் சொன்னோம். யாரும் எடுக்கவில்லை. தினமும் டெஸ்டுகள் ஓடி முடியும்போது ஆயிரக்கணக்கில் வரிகள். ‘இங்கே ஓகே.’ ‘உள்ளே வந்தாச்சு.’ ‘இது ஏன்?’ நாம் அடிவரை உருட்டி, கடைசியில் பாஸ் என்று பச்சை தெரிகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவோம்.

போன வாரம் மாட்டிக்கொண்டோம். வேன் தாமதமானால் பெற்றோருக்குப் போக வேண்டிய செய்தி, மேடவாக்கம் பக்கம் ஒருவருக்கும் போகவில்லை. ஒரு டெஸ்ட் பதினோரு நாளாக ஃபெயில் ஆகி அதை எச்சரித்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை வரிகளுக்கு நடுவில்.

டீம் லீட் கத்தவில்லை. “பாஸ் ஆனது வாயைத் திறக்கக் கூடாதும்மா. ஃபெயில் ஆனது மட்டும் பேசட்டும். நீயே சுத்தம் பண்ணிடு,” என்றார்.

ஏர்போர்ட்டை ஒட்டிய பொழிச்சலூரில் உன் வீட்டுக்கு முதல் முறை வந்த நாள். சர்ச்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தீர்கள். மொட்டைமாடியை உரசுவதுபோல் விமானம் போனது. நான் காதைப் பொத்தினேன். உன் அம்மா பதறிப்போய், “என்னம்மா, காது வலியா?” என்றார்.

நீ சோபாவில் சரிந்து சிரித்தாய். “ஏரோப்ளேன்மா! அவளுக்குக் கேக்குது. நமக்குத்தான் காது செத்துப்போச்சு.”

உன் தலைவலி எனக்கு அப்படி ஆகியிருந்தது. தைல வாசனையோடு வந்து பக்கத்தில் உட்காருவாய்.

“தலை வலிக்குதுடி.”

“வலிக்காத நாள்ல சொல்லு, கேக் வெட்டலாம்.”

“ப்ளம் கேக்னா சொல்றேன்.”

மாதக்கணக்கில் இதே பேச்சு. அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் நீ, “இன்னிக்கு வேற மாதிரி வலிக்குதுடி,” என்றாய். நான் ஹெட்போனைக் கழற்றவில்லை. “ம்” என்றேன். பச்சை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது.

மறுநாள் நீ வரவில்லை. அதற்கு மறுநாள் உன் அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார். சனிக்கிழமை அடக்கம்.

எனக்கு அழுகை வரவில்லை. இன்னும் வரவில்லை. போன மாதம் உன் வீட்டுக்குப் போனேன். அம்மா காபி கொடுத்தார்.

“முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல இவ,” என்றார்.

காபியைக் குடித்தேன். சொன்னாள் என்று நான் சொல்லவில்லை. மேலே விமானம் போயிருக்க வேண்டும். டேபிளில் டம்ளர் அதிர்ந்தது. எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இன்று உன் வரியை அழிக்காமல் இடம் மாற்றினேன். இனி அந்த டெஸ்ட் ஃபெயில் ஆனால் மட்டும் அது வரும். எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். பச்சை. ஒரு சொல்கூட இல்லை. லீட் கேட்டது அதுதான்.

உன் டெஸ்டின்படி கடைசி ஸ்டாப்பில் இறங்க வேண்டியது மூன்று பிள்ளைகள். அதை வேண்டுமென்றே நான்காக்கி மறுபடி ஓட்டினேன். சிவப்பு. அதன் கீழே நீ.

“கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்துட்டேன்டா சாமி.”

காலித் திரையில் அது ஒன்று மட்டும். படித்தேன். மூன்று என்று திருத்தினேன். லீடுக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் பள்ளிக்கரணையில் வழக்கமான தாம்பரம் பஸ்ஸை விட்டுவிட்டுப் பல்லாவரம் பஸ்ஸில் ஏறினேன். அங்கிருந்து பொழிச்சலூருக்கு ஷேர் ஆட்டோ. உன் அம்மா கதவைத் திறந்தார்.

“ஆன்ட்டி, அவ சொன்னா. என்கிட்ட சொன்னா,” என்றேன்.